கேபினட் வாங்கப் போன அக்காவும் தம்பியும்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு, கிராஃபிக்ஸ் கார்டு உண்டா என்றுதான். எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, கையில் மிச்சமிருக்கும் பணத்துக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது கேபினட். பலர் அதைக் கேபினட் என்றுகூடச் சொல்வதில்லை. 'சிபியு' என்பார்கள். உள்ளே இருக்கும் சின்னச் சில்லின் பெயரை வெளியே இருக்கும் தகரப் பெட்டிக்கு வைத்துவிட்டதால், பாவம், பெட்டிக்கு என்று ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை!

அந்தப் பெயரில்லாத பெட்டியால்தான் காரைக்காலில் ஒரு வீட்டில் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அந்த வீட்டில் மூன்று பேர். அம்மா, அக்கா, தம்பி. அக்கா சிவில் டிப்ளமோ முடித்தவள். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அவள் தொழில். வீட்டுக்குள்ளேயே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அவ்வளவுதான் ஆபீஸ். மளிகைக் கடைப் பாக்கி, அம்மாவின் பிரஷர் மாத்திரை, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் தம்பியின் ஃபீஸ் எல்லாம் அந்த மேஜையிலிருந்துதான் வரவேண்டும். இப்போதெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் கோடு போட்ட பிளானோடு திருப்திப்படுவதில்லை. வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கலரில் படமாகப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மூச்சு விடாமல் ஓட வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் 2013-ல் வாங்கியது. அதன் கேபினட்டை அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முன்பக்கம் பளபளவென்று பிளாஸ்டிக். பவர் சப்ளை மேலே. பின்னால் விசிறி வைக்க இடம் உண்டு, ஆனால் விசிறி கிடையாது. பக்கத் தகட்டில் வட்டமாகச் சல்லடை ஓட்டை, அதற்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழல். அந்தக் குழல் எதற்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சர்வீஸுக்கு வந்த பையன் ஒருநாள், "இது இடிக்குதுக்கா" என்று கழற்றி வைத்தான். அது பிறகு கொல்லையில் ரோஜாச் செடிக்கு முட்டுக் கொடுத்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. காரைக்காலும் சேர்ந்து ஆடியது. அவர்கள் தெருவுக்குக் கரண்ட் வர நாளாயிற்று. அத்தனை நாளும் கம்ப்யூட்டர் ஈரக் காற்றில் அணைந்தே கிடந்தது. கரண்ட் வந்த பிறகு அது ஓடத்தான் செய்தது. ஆனால் திறந்து பார்த்தபோது திருகாணிகள் எல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன. தகட்டின் வெட்டிய ஓரங்களில் துரு. கார்டு மாட்டும் இடத்திலிருந்த உடைத்து எடுக்கும் பட்டைகளில் இரண்டு எப்போதோ உடைந்து விழுந்து, பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து திறந்து கிடந்தது.

போன வருஷம் மே மாதம்தான் வினை வந்தது. ஒருவருக்கு வங்கிக் கடனுக்காகப் பிளானும் படமும் அவசரமாக வேண்டியிருந்தது. மத்தியானம் 2 மணிக்குக் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். மறுபடி போட்டால் அரை மணி நேரம் ஓடும், மறுபடி நிற்கும். கடைசியில் எல்லா வீட்டிலும் செய்வதை அவர்களும் செய்தார்கள். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டேபிள் ஃபேனை நேராக உள்ளே திருப்பி விட்டார்கள். மூன்று நாள் ஓடியது. நாலாவது நாள் ராத்திரி உள்ளே ஒரு பல்லி போனது. டப்பென்று ஒரு சத்தம். பல்லியும் போயிற்று, மதர்போர்டும் போயிற்று. அவசரக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார்.

வளையல்களை அம்மாதான் கழற்றிக் கொடுத்தாள். "பொட்டிய நல்லதா வாங்குங்க" என்று மட்டும் சொன்னாள். அம்மா சொன்னது கம்ப்யூட்டரை. ஆனால் அந்த வார்த்தை கேபினட்டுக்குத்தான் சரியாகப் பொருந்தியது.

தம்பி அதற்குள் மனதில் ஒன்றைத் தேர்வு செய்து வைத்திருந்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பக்கவாட்டிலும் கண்ணாடி, உள்ளே கலர் கலராக எரியும் 4 விசிறிகள். கேபினட்டா, கல்யாண மண்டபமா என்று சந்தேகம் வரும்! படத்தை அக்காவிடம் காட்டினான். அக்கா வீடுகளுக்குப் பிளான் போடுகிறவள் இல்லையா, ஒரே கேள்விதான் கேட்டாள்.

"காத்து எந்த வழியாடா உள்ள வரும்?"

தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு சந்து இருந்தது. 3 விசிறிகள் அந்தச் சந்து வழியாகத்தான் மூச்சு வாங்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி அவன் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டான். கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. புதிதாக வாங்கப் போவது முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 300 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டான். அந்தச் சூட்டைப் பெட்டியிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டியது காற்று. நிமிடத்துக்கு 30 கன அடிக் காற்று போனால், பெட்டிக்குள் வரும் காற்றைவிட வெளியேறும் காற்று சுமார் 18 டிகிரி கூடச் சூடாக இருக்கும். 60 கன அடி போனால் அது சுமார் 9 டிகிரி. காற்று இரண்டு மடங்கானால் ஏறும் சூடு பாதி. இதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை, அவன் ஏற்கனவே பரீட்சைக்குப் படித்த பாடம்தான்.

விசிறி அட்டையில் போட்டிருக்கும் கன அடிக் கணக்கை அப்படியே நம்பவும் முடியாது. எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது எடுத்த அளவு அது. கண்ணாடிச் சந்து, தூசிவலை, ஒயர் குவியல் எல்லாம் குறுக்கே வந்தால் பாதிகூட மிஞ்சாமல் போகலாம்.

அடுத்து ஊர்க் கணக்கு. விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையில் இருக்கும் காற்றைத்தான் உள்ளே தள்ளும். ஏசி இல்லாத அறையில் காற்று 36 டிகிரி என்றால், 18 டிகிரி கூடி 54 டிகிரி. அந்த 54 டிகிரிக் காற்றை வைத்துக்கொண்டு ஏற்கனவே கொதிக்கும் சில்லை எப்படிக் குளிரவைப்பது? சில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் நின்றுவிடும். பழைய கம்ப்யூட்டர் மத்தியானம் 2 மணிக்கு நின்றதன் ரகசியம் இவ்வளவுதான்.

ரோஜாச் செடிக்கு முட்டுக் கொடுத்த குழலின் கதையும் அப்போதுதான் அவனுக்குக் கிடைத்தது. இன்றைக்கும் பெரும்பாலான மதர்போர்டுகள் பின்பற்றும் ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் கொண்டுவந்தது 1995-ல். அப்போது பிராசஸர்கள் இவ்வளவு சூடாகவில்லை. 2004-ல் வந்த புதிய பென்டியம் 4 பிராசஸர்களில் சில 115 வாட் வரை சூட்டைக் கக்கின. அதனால் கேபினட் செய்கிறவர்களுக்கு இன்டெல் ஒரு வழிகாட்டியைக் கொடுத்தது. அறை 35 டிகிரியில் இருக்கும்போது பிராசஸர் விசிறிக்குப் போகும் காற்று 38 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் கணக்கு. வெளிக்காற்றை நேராகப் பிராசஸருக்குக் கொண்டுபோகத்தான் பக்கத் தகட்டில் அந்த ஓட்டையும் குழலும். காரைக்காலில் மே மாதம் வெயில் 37, 38 டிகிரி அடிக்கும். அந்தக் கணக்கின் எல்லை முடியும் இடத்தில்தான் இந்த ஊரின் மத்தியானமே தொடங்குகிறது!

அதே 2004-ல் இன்டெல் பிடிஎக்ஸ் என்று வேறொரு அமைப்பையும் கொண்டுவந்தது. முன்பக்கம் நுழையும் காற்று பிராசஸர் மேல் பட்டு நேராகப் பின்பக்கம் போகும்படி எல்லாவற்றையும் வரிசையில் வைத்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் எல்லோரும் ஏடிஎக்ஸிலேயே இருந்துவிட்டார்கள். பிராசஸர்களும் சூடு குறைந்து வரத் தொடங்கின. சில வருஷங்களிலேயே பிடிஎக்ஸ் கைவிடப்பட்டது.

தம்பி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நடுவில் புகுந்தாள். "இது என்னடா பெரிய விஷயம்? பட்டினத்துல எங்க வீட்ல வாசக்கதவும் கொல்லக்கதவும் நேருக்கு நேரா இருக்கும். ரெண்டையும் தொறந்து வச்சா சித்திரை மாசத்துலயும் திண்ணையில தூங்கலாம். நடுவுல எவனாவது பீரோவ வச்சான்னா போச்சு."

அம்மா பிறந்த வீடு திருமலைராயன்பட்டினத்தில். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் ஓடும் வீடு. முற்றத்துச் சூடு மேலே போகும், வாசல் வழியாகப் புதுக்காற்று வரும். கேபினட்டுக்கும் இதே பிளான்தான். முன்னாலும் கீழேயும் உள்ளே வரும் வழி, பின்னாலும் மேலேயும் வெளியே போகும் வழி, நடுவில் பீரோ வைக்கக் கூடாது. அக்கா சிரித்துவிட்டுச் சொன்னாள்: "பிளான் அப்ரூவ்டு."

ஆனால் தம்பிக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது, நியாயமான சந்தேகம். "அக்கா, காத்து நெறைய போனா உப்பும் நெறைய போகுமே?"

கடற்கரை ஊர்க்காரர்கள் யாரும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தால்தான் காரைக்காலில் மனுஷனுக்கு உயிர் வரும். அதே காற்றுதான் உப்பையும் கொண்டுவரும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். மதர்போர்டு மேல் படிந்த தூசியில் உப்பு இருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் அது உப்புத் தண்ணீர்ப் படலமாகிவிடும். துருவும் வரும், மின்சாரம் போகக் கூடாத வழியில் கசியவும் செய்யும்.

அதற்காகப் பெட்டியை மூடி வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. மூடிய பெட்டிக்குள்ளும் ஈரம் போகும், சூடுதான் வெளியே வராது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் படிவது குறைவு. நாள் கணக்கில் அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் ஆபத்து அதிகம். கஜா சமயத்தில் நடந்ததும் அதுதான். ஆக, நிறையக் காற்று வேண்டும், ஆனால் அது வலை வழியாக வரவேண்டும். உள்ளே தள்ளும் விசிறிகள் வெளியே இழுக்கும் விசிறிகளைவிடக் கூடுதலாக இருந்தால், பெட்டிக்குள் காற்று லேசாக அழுத்தத்தோடு நிற்கும். அப்போது சின்னச் சின்ன இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர, வலையைத் தப்பி உள்ளே வராது. வெளியே இழுக்கும் விசிறிகள் அதிகமானால் எல்லா இடுக்கும் தூசியை உறிஞ்சும்.

அடுத்த நாள் இருவரும் பாரதியார் சாலையில் ஒரு கடைக்குப் போனார்கள். ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் வாங்கலாம் என்ற யோசனையும் இருந்தது. அங்கே இன்னும் பத்து மாடல் பார்க்கலாம். ஆனால் போக்குவரத்துச் செலவையும், திரும்பி வரும்போது பெட்டி நசுங்காமல் வருமா என்ற கவலையையும் கூட்டினால் லாபம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆன்லைனில் வாங்கினால் கையால் தொட்டுப் பார்க்க முடியாது.

அக்கா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கடைக்காரர் சிரித்தார். "எடம் அளக்க வந்தியாம்மா?"

"ஆமாண்ணே, எடம்தான்" என்றாள் அக்கா.

அவர்கள் வாங்கப் போகும் மதர்போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ், 244-க்கு 244 மி.மீ. முழு ஏடிஎக்ஸ் என்றால் 305-க்கு 244. சின்ன போர்டுக்குச் சின்னப் பெட்டி போதும்தான். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு 245 மி.மீ. நீளம். முன்பக்க விசிறியின் தடிமன் 25 மி.மீ. பிராசஸருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் கூலர் 155 மி.மீ. உயரம். சின்னப் பெட்டியில் எல்லாம் நுழையும், பிறகு கை நுழையாது. கை நுழையாத பெட்டியை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். அதனால் முழு ஏடிஎக்ஸ் பெட்டிகளை மட்டும் பார்ப்பது என்று அக்கா முடிவு செய்தாள். போர்டுக்குப் பின்னால் ஒயர்களை ஒதுக்க ஒரு விரலுக்கு மேல் இடம் இருக்கிறதா, வேலைகளைச் சேமித்து வைக்கும் 2 ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்தாள். பவர் சப்ளை கீழே, தனக்கென்று தனி வலையோடு இருக்க வேண்டும். மேலே இருந்தால் பிராசஸரின் சூட்டையெல்லாம் அதுதான் குடிக்கும். கார்டு பட்டைகள் உடைத்து எடுப்பவையாக இல்லாமல், திருகாணி போட்டு மாட்டுபவையாக இருக்க வேண்டும். இது பல்லிக்காக!

தகட்டின் கனத்தைப் பார்க்க அக்கா பக்கத் தகட்டைக் கழற்றி இரண்டு ஓரத்தையும் பிடித்து லேசாக முறுக்கினாள். வெட்டிய ஓரங்களிலும் பெயிண்ட் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

தம்பி ஆசைப்பட்ட கண்ணாடிக் கேபினட்டும் அங்கே இருந்தது. அவன் கண் அதை விட்டு நகரவில்லை. "தம்பி, இதுதான் வேகமா போகுது" என்றார் கடைக்காரர். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரெண்டையும் ஓட்டிக் காட்றீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். ஒரு பவர் சப்ளையை வைத்து விசிறிகளை ஓடவிட்டார்கள். ஒரு மெல்லிய பில் தாளைக் கண்ணாடிக் கேபினட்டின் சந்தில் பிடித்தார்கள். தாள் லேசாக ஆடியது. அதே தாளைச் சல்லடை முகம் வைத்த இன்னொரு கேபினட்டின் முன்னால் பிடித்தார்கள். கையை விட்டும் தாள் விழவில்லை, வலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

கடைக்காரருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்து காட்டினார். சல்லடைக்கு முன்னால் புகை நேராக உள்ளே ஓடி, பின்பக்கமாக வந்தது. கண்ணாடிக்கு முன்னால் புகை மேலே பார்த்துத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதையே எடுத்துக்கலாம்க்கா" என்றான். அந்த வயசில் அதைச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

சல்லடைக் கேபினட்டில் லைட் கிடையாது. கறுப்பு நிறம், முன்னால் 120 மி.மீ. விசிறி ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இன்னொரு விசிறியைத் தனியாக வாங்கி மாட்டினார்கள். உள்ளே 2, வெளியே 1. எல்லாம் கூட்டிப் பார்த்தால் கண்ணாடிக் கேபினட்டின் விலைக்குக் கொஞ்சம் குறைவு. குறையும் உண்டு. முகம் திறந்திருப்பதால் விசிறிச் சத்தம் கொஞ்சம் கூடக் கேட்கும். வலையைக் கழுவாமல் விட்டால் அதுவே கண்ணாடி மாதிரி அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் அதை ஒரு அடி உயர ஸ்டூலில் வைத்தார்கள், தரைத் தூசிக்கும் மழைத் தண்ணீருக்கும் எட்டாமல். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக இல்லாமல், உள்சுவர்ப் பக்கம். ஐப்பசி மழையில் வேலை இல்லாத நாளிலும் தினம் ஒரு மணி நேரம் போட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு என்று அம்மா தைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் உறை, ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

இந்த வருஷமும் மே வந்தது. மத்தியானம் 2 மணி. ஒரு மாடி வீட்டின் படம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து திரையில் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கிராஃபிக்ஸ் கார்டு 74 டிகிரிக்கு வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. 3:30-க்குப் படம் முடிந்தது. அக்கா எழுந்து டீ போடப் போனாள்.

இரண்டு வளையலில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னொன்றுக்கு இன்னும் இரண்டு பிளான் வேண்டும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலையில் தம்பி முன்பக்க வலையைக் கழற்றிக் கொல்லைக் குழாயில் பிடிப்பான். சாம்பல் நிறத்தில் தூசித் தண்ணீர் ஓடும். நிழலில் காயவைத்து, ஈரம் போனதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுவான். பழைய பிளாஸ்டிக் குழல் இன்னும் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது எதற்கு என்று இப்போது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பிடுங்கவில்லை, செடி பூத்திருக்கிறது.